காத்திருக்கும் பிள்ளையிடம் என்ன கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பொறியியல், மருத்துவம், கணினி என்று ஒவ்வொன்றுக்கும் தேதிவாரியாக வழி சொல்லியிருந்தார்கள். பயனுள்ள கட்டுரை. ஆனால் நடிப்பு படிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் மகள் அவர்களில் ஒருத்தி. எங்கள் வட்டாரத் தமிழ்ப் பள்ளியில் படித்த இன்னொரு பையனும் இந்த ஆண்டு இதே வரிசையில் நிற்கிறான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மற்றப் பிள்ளைகள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு ஒரு முறை காத்திருக்கிறார்கள். இவர்களுக்குப் படிக்குப் படி காத்திருப்பு. பல கல்லூரிகள் முதலில் நடித்துக் காட்டும் வீடியோ கேட்கின்றன. அதில் தேறினால்தான் ஆடிஷனுக்கு, அதாவது தேர்வாளர்கள் முன் நடித்துக் காட்டும் தேர்வுக்கு, அழைப்பு. ஜனவரி, பிப்ரவரியில் நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடி ஆடிஷன் நடத்துகின்றன, யூனிஃபைட்ஸ் என்பார்கள். அதன் பிறகு பெரும்பாலான இடங்களிலிருந்து மார்ச் கடைசி வரை சத்தமே இருக்காது. பதில்கள் வந்து சேர்ந்ததும் மே 1-க்குள் எங்கே சேர்வதென்று முடிவு செய்து முன்பணம் கட்ட வேண்டும்.

சிகாகோவில் பால்மர் ஹவுஸ் ஹோட்டலுக்கு அவளை நான்தான் அழைத்துப் போனேன். வெளியே உறைபனி. மாடியில் நீண்ட நடைபாதை. இரு பக்கமும் அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு கல்லூரியின் பெயர். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஒரு பையன் கம்பளத்தில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து 'ம்ம்ம்' என்று குரலைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். என் மகள் பனிக்காலணியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த மெல்லிய செருப்பை மாட்டிக்கொள்ள என் தோளைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. பெயர் சொல்லி அழைத்தார்கள், உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டாள்.

உள்ளே நடித்துக் காட்ட வேண்டியவை இரண்டு: இக்கால நாடகத்திலிருந்து ஒரு பகுதி, ஷேக்ஸ்பியர் காலத்துச் செய்யுள் ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். கோடை விடுமுறையிலிருந்து பாத்திரம் கழுவும்போதும் பள்ளிக்குக் காரில் போகும்போதும் அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது இந்த மூன்று நிமிடத்துக்காகத்தான். "என்ன சொன்னார்கள்?" என்றேன். "நன்றி என்றார்கள், அம்மா" என்றாள். பிறகு பல நாட்கள் அந்த ஒரு 'நன்றி'யை எந்தத் தொனியில் சொன்னார்கள் என்று அவள் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினாள்.

நம் மக்களுக்குப் புரிய வேண்டியது ஒன்று உண்டு. இது மதிப்பெண் வாங்கி இடம் பிடிக்கும் தேர்வு அல்ல. நியூயார்க்கின் புகழ்பெற்ற கலைக் கல்லூரியான ஜூலியார்டின் நாடகப் பிரிவு இளங்கலை, முதுகலை இரண்டுக்கும் சேர்த்தே நடிப்புக்கு ஆண்டுக்குச் சுமார் இருபது பேரைத்தான் எடுக்கிறது. நாடகத்துக்கு அமெரிக்காவிலேயே முதன்முதலில் பட்டம் கொடுத்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கும் நடிப்பு வகுப்பு சிறியதுதான். அந்தச் சிலர்தான் நான்கு ஆண்டுகள் ஒன்றாகப் பயின்று, ஒன்றாக மேடையேறப் போகிறவர்கள். எனவே தேர்வாளர்கள் ஒரு நாடகக் குழுவைக் கட்டுவது போல ஆள் சேர்க்கிறார்கள். ஒரே மாதிரிக் குரலும் சாயலும் உள்ள இருவர் வந்தால் இருவருமே நன்றாக நடித்தாலும் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கலாம். மற்றவருக்குப் போகும் கடிதத்தில் இந்தக் காரணம் இருக்காது. நம் உறவினர்கள் அந்த 'இல்லை'யைக் கேட்டதும், 'திறமை போதவில்லை போலிருக்கிறது' என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடுகிறார்கள். பதினேழு வயதுப் பெண் அதை நம்பிவிடுகிறாள்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் படிப்பைப் பார்த்து ஒரு முடிவு, நடிப்பைப் பார்த்து இன்னொரு முடிவு. எங்கள் வீட்டுக்கு ஓரிடத்திலிருந்து முதலில் 'வாழ்த்துகள், உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம்' என்று வந்தது. மதுரையில் நடுநிசி என்பதையும் மறந்து என் அக்காவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து நடிப்புத் துறையின் பதில் தனியாக வந்தது: இடமில்லை. பல்கலைக்கழகத்தில் சேரலாம், நடிப்பு படிக்க முடியாது. இரண்டு பதிலையும் ஒரே நாளில், ஒரே கடிதத்தில் அனுப்ப அவர்களுக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்காவிடம் மறுபடியும் பேசும்போது மகளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"மைத்ரேயி ராமகிருஷ்ணனைப் பார்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் நிறையப் பேர். கனடாவின் மிசிசாகாவில் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்து, சுமார் 15,000 பேர் முயன்ற பொது அழைப்பில் தேர்வாகி, யார்க் பல்கலைக்கழகத்தில் கிடைத்த நாடகப் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரில் நாயகியாக நடிக்கப் போனவர். எனக்கும் அவரை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் காத்திருக்கும் பிள்ளையிடம் இதைச் சொன்னால், தேர்வாகாமல் திரும்பிய மற்ற எல்லாரையும்தான் அவள் எண்ணிப் பார்க்கிறாள். "எதற்கும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு ஒன்று போட்டு வைத்தாயா?" என்று கேட்பவர்கள் அதைவிட அதிகம். நானே பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

இதை எழுதும் மார்ச் கடைசி வாரத்தில் இன்னும் மூன்று கல்லூரிகளின் பதில் வரவில்லை. ஓரிடத்தில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள். சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்ல எல்லா வீடுகளிலும் போன் மணி அடிக்கப்போகிறது. இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டோடு பேசும் வாசகர்கள் "ரிசல்ட் வந்ததா?" என்று கேட்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேறு என்ன கேட்பது என்பவர்களுக்கு, என் அப்பா கேட்டதைச் சொல்கிறேன். திருவிழா இரவுகளில் ஸ்பெஷல் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர் அவர். போன வாரம் வீடியோ அழைப்பில் பேத்தியைப் பார்த்ததும், "என்ன வேஷம் கட்டினாய் அம்மா? எனக்கு ஒரு தடவை பேசிக் காட்டு" என்றார். அவள் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, சமையலறை நடுவில் நின்று முழுவதையும் பேசினாள். அப்பாவுக்கு அந்த ஆங்கிலத்தில் பாதிகூடப் புரிந்திருக்காது. முடிந்ததும், "கடைசி வரிக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினாயே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அதற்கு முந்தின வரியில் அவசரப்படுகிறாய்" என்றார்.

அவள் மறுபடியும் முதலிலிருந்து பேசினாள். அந்த வரியில் அவசரப்படவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி,
இல்லினாய், அமெரிக்கா