கேசரிப் பவுடர் பரிசோதனை: உதகை லாட்ஜ், ஓட்டல்காரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தொழில் நண்பர்களுக்கு,

வணக்கம். எட்டு அறை வைத்திருக்கும் சின்ன லாட்ஜ்காரன் எழுதுகிறேன். ஏப்ரலில் முதல் கோடை மழை அடிக்கும்போது கோடப்பமந்து கால்வாய் ஓரம் நின்று பாருங்கள். ரோட்டில் மாதக்கணக்காகப் படிந்த டீசல், டயர் தூள், சிகரெட் துண்டு எல்லாம் முதல் அரை மணியில் இறங்கிவிடும். தண்ணீர் கறுப்பாக, மேலே எண்ணெய் மினுங்க நம் உதகை ஏரிக்குப் போகும். பிறகு வருவது அவ்வளவு மோசமில்லை. அந்த முதல் தண்ணீரைத்தான் மடக்க வேண்டும்.

அதற்கு நாணல் படுகை போதும் என்கிறேன். முதலில் வண்டல் தங்க ஒரு குழி. அப்புறம் ஜல்லி நிரப்பிய ஆழமில்லாத பள்ளம், அதில் கோரை, சம்பு. தண்ணீர் ஒரு நாளாவது அதில் ஊர்ந்து போகணும். அழுக்கைத் தின்பதில் பெரும்பங்கு செடிக்கு அல்ல, வேரிலும் ஜல்லியிலும் வழவழவென்று ஒட்டிக்கிடக்கும் நுண்ணுயிருக்கு. குழியை மட்டும் வருடா வருடம் தூர்வார வேண்டும், இல்லாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும்.

என் பார்க்கிங் ஓரத்தில் 10 அடி நீளத்துக்கு இப்படி ஒரு படுகை வெட்டினேன். சமவெளியில் வைக்கிறார்களே என்று கல்வாழை நட்டேன். ஜனவரி உறைபனியில் ஒரே ராத்திரியில் வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. நம்மூர்ச் சதுப்புக் கோரையை வைத்தேன், நிற்கிறது. குளிரில் நுண்ணுயிரும் மந்தமாகும் என்பதால் இங்கே படுகை பெரிதாக இருக்க வேண்டும். இடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் ஒரு காலத்தில் ஏரிதானே? அதில் ஒரு ஓரத்தை அரசிடம் சேர்ந்து கேட்போம்.

ஆனால் கேட்கும் முன் நம் வீட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மழைநீருக்கென்று கட்டும் படுகையில் சாக்கடை கலந்தால், சட்டி கழுவிய எண்ணெய் இறங்கினால், ஒரே சீசனில் ஜல்லி அடைத்து நாறிவிடும். கழிவுநீருக்கும் படுகை கட்டலாம், ஆனால் முன்னால் செப்டிக் டேங்க் வேண்டும், அளவும் வேறு. என் சமையலறைக் குழாய் இரண்டு வருடம் முன்பு வரை கால்வாயில்தான் விழுந்துகொண்டிருந்தது. தெரியாது என்று சொல்ல மாட்டேன். பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மே சீசனுக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு வாளித் தண்ணீரில் கேசரிப் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டு, கால்வாய்ப் பக்கம் ஒரு பையனை நிறுத்துங்கள். அங்கே நிறம் வந்தால் உங்கள் குழாயும் கால்வாயில்தான் விழுகிறது. எனக்கு அன்று பத்தே நிமிஷத்தில் ஆரஞ்சுக் கோடு வந்தது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்