பேரிக்காய் – சீஸ் சாலட் பெட்டி குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சாலட் பெட்டியில் குழைந்த பேரிக்காய், புள்ளி விழுந்த கீரை, தவறான செய்முறை அட்டை – பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வீட்டிலேயே சாலட் கலந்துகொள்ளப் பொருள்களையும் செய்முறை அட்டையையும் வைத்து நீங்கள் விற்கும் பேரிக்காய் – சீஸ் சாலட் பெட்டியைச் சென்ற வாரம் வரவழைத்தேன். அது வந்த லட்சணத்தைப் பார்த்து அன்றைக்கே உங்கள் சேவைப் பிரிவுக்குப் படங்களோடு எழுதினேன். "பழம் இயற்கைப் பொருள், கனிவு முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. கூடவே அடுத்த பெட்டிக்குத் தள்ளுபடிக் கூப்பன். பழியை இயற்கையின் தலையில் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்தது எல்லாம் உங்கள் ஆட்கள் எடுத்த முடிவுகளால் நடந்தது. அதை விளக்கவே இந்தக் கடிதம்.

பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறீர்கள்? மெல்லிசாகச் சீவிய வெள்ளைத் துண்டுகள், கடித்தால் நறுக்கென்று இருக்கும் என்ற வாசகம். உள்ளே இருந்தவை மஞ்சள் பூத்த பழங்கள். தோலில் ஒரு காயம் இல்லை, பார்வைக்கு அழகுதான். கத்தியை வைத்ததும் சதை நசுங்கியது. நடுவில், விதையைச் சுற்றி, பழுப்பேறி மாவாகிக் கிடந்தது. இந்த வகைப் பேரிக்காய் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கனியும். வயிற்றுப்பகுதி விரலுக்கு மெத்தென்று படும்போது நடுப்பகுதி கெட்டுப்போயிருக்கும். அதனால்தான் பழம் தெரிந்தவர்கள் காம்புக்குப் பக்கத்தில் கழுத்தை லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். "அனுப்பும்போது வெளியே நன்றாகத்தான் இருந்தது" என்று உங்கள் ஊழியர் எழுதியிருந்தார். சாலட் பெட்டி விற்கும் நிறுவனம் இப்படிச் சொல்லலாமா?

அடுத்து, ரகம். பெட்டியில் ஒட்டிய சீட்டில் வெறும் 'பேரிக்காய்' என்று மட்டும் இருக்கிறது. நிறத்தையும் மணத்தையும் வைத்துப் பார்த்தால் பார்ட்லெட் என்றுதான் தோன்றுகிறது. பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறி, சாறு வழிய, வெண்ணெய் போல் இளகும் பழம் அது. அப்படியே தின்ன அருமையாக இருக்கும். ஆனால் சீவிப் போட வேண்டுமானால் பச்சை மாறும் முன்பே எடுத்தாக வேண்டும். கெட்டியான சதைதான் தேவை என்றால் போஸ்க் ரகம் இருக்கிறது. அது கனிந்த பிறகும் ஓரளவு உறுதியாகவே நிற்கும். ஆப்பிள் போல் உருண்டையாக இருக்கும் ஆசியப் பேரிக்காயோ கனிந்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும். இத்தனை இருக்க, உங்கள் வாசகத்துக்கு ஒத்தே வராத ரகத்தை எடுத்தது யார்? பேரிக்காயைக் காயாகப் பறித்து, 0 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்து, தேவைப்படும்போது வெளியே எடுத்துக் கனியவைப்பது தொழிலில் வழக்கம். எப்போது வெளியே எடுப்பது என்பதும் மனிதர் கையில்தான் இருக்கிறது.

இதைவிட மோசம், நீங்கள் பெட்டியை அடுக்கிய விதம். பழத்தையும் லெட்யூஸ் கீரையையும் ஒரே உறையில் போட்டு ஒட்டியிருந்தீர்கள். கனியும் பேரிக்காய் எத்திலீன் வாயுவை வெளிவிடும். காற்றுப் போக வழியில்லாத உறையில் அது தேங்கி, பழத்தை இன்னும் வேகமாகக் கனியவைக்கும். லெட்யூஸுக்கோ அந்த வாயு ஆகவே ஆகாது. நடுநரம்பில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் விழும். அனுப்பிய படங்களில் இரண்டாவதைப் பாருங்கள், அதே புள்ளிகள். ஆக, பழமும் கெட்டது, அது கீரையையும் கெடுத்தது. தனித்தனி உறையில் போட்டிருந்தால் இதில் பாதித் தொல்லை இருந்திருக்காது.

இனி, செய்முறை அட்டை. அதை எழுதியவர் ஒரு தடவையாவது அதன்படி செய்து பார்த்தாரா என்று சந்தேகமாக இருக்கிறது. முதலில் பேரிக்காயை நறுக்கு, எல்லாவற்றையும் டிரெஸ்ஸிங்கோடு (எண்ணெய், வினிகர், உப்பு சேர்த்து அடித்த கலவை) கலந்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை என்கிறது. நறுக்கிய பேரிக்காய் காற்றுப் பட்டதும் கறுக்கத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு புரட்டினால் அது தள்ளிப்போகும். அட்டையில் எலுமிச்சை பற்றிப் பேச்சே இல்லை, பெட்டியிலும் இல்லை. டிரெஸ்ஸிங்கில் உள்ள உப்பு ஒரு மணி நேரத்தில் இலையிலிருந்து நீரை இழுத்துவிடும். எண்ணெய் தன் பங்குக்கு இலையைத் துவளவைக்கும். கடைசியில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர்தான் மிஞ்சும்.

கெட்டியான பேரிக்காய் வாங்கிவந்து, அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, என் வழியில் செய்தேன். கீரையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தேன். ஈர இலையில் டிரெஸ்ஸிங் ஒட்டாது. மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் சேர்த்து அடித்துத் தனியே வைத்தேன். வால்நட்டை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்தேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பேரிக்காயைத் தோலோடு சீவி, எலுமிச்சை பிழிந்து புரட்டி, கீரையோடு கலந்து, மேலே சீஸைத் தூவினேன். இனிப்பும் உப்பும் கசப்பும் ஒரே வாயில் கிடைத்தன. ஆக, நீங்கள் விற்க நினைத்த பண்டத்தில் கோளாறு ஏதும் இல்லை.

சீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நீலப் பூசணம் ஓடிய அந்த ப்ளூ சீஸின் சுவை நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது ஏற்கெனவே உதிர்த்து, ஒட்டாமலிருக்க மாவுச்சத்து சேர்த்து அடைத்தது. நாக்கில் பொடி தட்டியது. சிறு கட்டியாகத் தந்தால் நாங்களே விரலால் உதிர்த்துக்கொள்வோம். சீஸே போதுமான உப்பு. டிரெஸ்ஸிங்கிலும் அத்தனை உப்பு வேண்டியதில்லை. வால்நட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் கேட்பது இதுதான். பெட்டிக்குக் கொடுத்த முழுத் தொகையும் பணமாகவே திரும்ப வேண்டும். கூப்பன் வேண்டாம், அதை ரத்து செய்துவிடுங்கள். பேரிக்காயின் ரகத்தையும் பெட்டி அடைத்த தேதியையும் சீட்டில் போடுங்கள். பழத்தையும் கீரையையும் பிரித்து அடையுங்கள். அட்டையைத் திருத்தும்வரை அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். பதிலை எழுத்தில், பொறுப்பான ஒருவர் பெயரோடு எதிர்பார்க்கிறேன். மறுபடியும் இயற்கையைக் காரணம் காட்டினால், இதே படங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இணைப்பு: பணம் செலுத்திய ரசீது, படங்கள், செய்முறை அட்டையின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்