இரு படங்கள் சான்றாகா

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு வெளியீட்டில், மறைந்த நடிகைகளின் இளமைக்காலப் படத்தையும் பிற்காலப் படத்தையும் அருகருகே இட்டு, அவர்கள் இரகசியமாக அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டதாக ஊகித்த கட்டுரையைக் கண்டு மனம் வருந்தினேன். மறுத்துரைக்க உயிரோடில்லாதவர்களைப் பற்றி இரு படங்களை மட்டும் வைத்து எழுதுவது முறையன்று. யாழ்ப்பாண நகரில் ஸ்ரூடியோ ஒன்றில் கறுப்பு வெள்ளைப் படங்களைத் திருத்தும் வேலை செய்தவன் நான். நெகற்றிவ்வில், அதாவது வெளிச்சமும் இருளும் மாறிப் பதிந்திருக்கும் பிலிமில், கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டினால் அவ்விடம் படத்தில் வெளுத்து விழும். சுருக்கமும் தழும்பும் மறையும். வெளிச்சத்தின் திசையை மாற்றினாலே மூக்கு மெலிந்து தோன்றும். அக்காலத்தில் கலியாணப் பேச்சுக்குக் கொடுத்த படங்கள் பெரும்பாலும் அப்படித் திருத்தப்பட்டவையே.

அமெரிக்க நடிகை மர்லின் மன்றோ தம் நாடியில் (முகவாயில்) அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார் என்ற பேச்சும் நெடுங்காலம் வதந்தியாகவே உலவியது. 2013இல் அவருடைய எக்ஸ்ரே படங்களும் வைத்தியக் குறிப்புகளும் ஏலத்துக்கு வந்த பின்னரே அதற்கு ஆவணச் சான்று கிடைத்தது. (ஒருவரின் வைத்தியக் குறிப்பை விற்பதே எனக்கு உடன்பாடில்லை.) அத்தகைய ஆவணம் இல்லாதவிடத்து எவரது பெயரையும் தயவுசெய்து வெளியிடாதீர்கள். பழைய படங்களின் கீழ், எடுத்த ஆண்டையும் அது திருத்தப்பட்ட ஸ்ரூடியோப் படமா என்பதையும் குறிப்பிடுங்கள்.

வாசகர் ஒருவர்,
நல்லூர்.