சித்திக்கு இடம் தேடிய மூன்று மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து உன் அப்பா நினைவாகவே இருக்கிறது. குளியலறையில் விழுந்தும் எலும்பு முறியாமல் தப்பினாரே, அதுவே பெரிது. இனி அவரைத் தனியாக விட மனசு கேட்கவில்லை என்கிறாய். அசிஸ்டட் லிவிங் இல்லங்களின், அதாவது வயதானவர்களைத் தங்க வைத்து அன்றாடக் காரியங்களுக்கு உதவும் இல்லங்களின், கட்டண அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். கடந்த மூன்று மாதமும் சித்திக்காக நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் மாதக் கட்டணத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதே. பெரும்பாலும் அது அறைக்கும் சாப்பாட்டுக்கும் சுத்தம் செய்வதற்கும் மட்டும்தான். வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க, குளிப்பாட்ட, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. நாங்கள் பார்த்த மூன்று இடங்களில் மலிவாகத் தெரிந்ததுதான், சித்திக்கு வேண்டியதையெல்லாம் கூட்டியதும் மூன்றிலும் அதிகமாக வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன்.

சித்தியின் டாக்டர் சொன்ன வழிதான் கண்ணைத் திறந்தது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். ஒருவர் எவ்வளவு தூரம் சுயமாக இருக்கிறார் என்று அளக்க 1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட பட்டியல் அது. பல இல்லங்கள் இந்த மாதிரி அளவை வைத்துத்தான் ஒருவர் எந்தப் படியில் இருக்கிறார், எவ்வளவு கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. சித்திக்குக் குளிக்கவும் உடுத்தவும் மட்டும் ஆள் வேண்டும். மற்ற நாலும் தானே பார்த்துக்கொள்கிறாள். மூன்று இடத்திலும் ஒரே கேள்வி கேட்டேன்: இன்னும் இரண்டு காரியம் முடியாமல் போனால் மாதம் எவ்வளவு ஆகும்? அந்தப் பதில்களை எழுதிய பிறகுதான் எந்த இடம் எப்படி என்பது புரிந்தது. இன்றைய செலவை மட்டும் ஒப்பிட்டிருந்தால் தவறான இடத்தில் சேர்த்திருப்பேன்.

கேட்கவே நாக்கு எழாத இன்னொரு கேள்வி இருக்கிறது. "எந்த நிலை வந்தால் இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்பீர்கள்?" ஓரிடத்தில், தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டால் வேறு இடம் பார்க்கச் சொல்வோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் மறதி முற்றி இரவில் எழுந்து நடந்தால் என்றார்கள். வயதான காலத்தில் ஒருமுறை வேரைப் பிடுங்கி நடுவதே கொடுமை, இரண்டாம் முறை வேண்டவே வேண்டாம். இதை வாய்வார்த்தையாக விடாமல் ஒப்பந்தத்தில் படித்துப் பார். ஆண்டுக்குக் கட்டணத்தை எவ்வளவு ஏற்றலாம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் அறைக்குக் கட்ட வேண்டுமா, முன்பணம் திரும்புமா என்பதும் அதில்தான் இருக்கும்.

பகலில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வராதே. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு இடத்துக்குப் போனேன். ஒரு பாட்டி அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். ஆள் வரப் பதினொரு நிமிடம் ஆனது. வரவேற்பறை அவ்வளவு அழகாக இருந்த இடம்! எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அவர்கள் எத்தனை காலமாக வேலை பார்க்கிறார்கள் என்று அன்றுமுதல் எல்லா இடத்திலும் கேட்டேன்.

வீட்டிலேயே ஆள் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். பகலில் சில மணி நேரம் போதுமென்றால் கட்டாயம் அதையே செய். இரவும் தேவையென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவரால் ஆகாது, மாற்றி மாற்றி ஆள் வேண்டும், ஒருவர் வராத நாளில் நீதான் ஓட வேண்டும். எங்களுக்கு அந்தக் கணக்கு இல்லத்துச் செலவைத் தாண்டிப் போனது. ஆனால் ஒப்பிடும்போது, அப்பாவின் வீட்டுக்கு இப்போது ஆகிற மின்சாரம், பழுது, வாடகை எல்லாவற்றையும் மறக்காமல் சேர்த்துக்கொள்.

சித்தியை இப்போது ஒரு மாதம் தங்கிப் பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறோம். முதல் வாரம் என்னோடு பேசவே இல்லை. நேற்றுப் போனபோது பக்கத்து அறைக்காரரோடு செய்தித்தாளைப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அடுத்த தடவை வரும்போது என் ரேடியோவை எடுத்துட்டு வா" என்றாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

அப்பாவிடம் மட்டும் மறைக்காமல் பேசு. அந்த ஆறு காரியங்களில் அவருக்கு எவையெவை முடிகின்றன என்று எழுதி அனுப்பு. உன் கையில் இருக்கும் ஒப்பந்த நகல்களையும் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி