வயலை விடச் சொல்லாதே பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம், நைட் டியூட்டி முடிந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் நீ கேட்டதற்கு அப்போது வாயில் பதில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். குத்தகை வயலை ஒப்படைத்துவிடுங்கள், மாசாமாசம் நான் பணம் அனுப்புகிறேன், இனி ரெண்டு பேரும் சேற்றில் இறங்கக் கூடாது என்றாய். பிள்ளை இப்படிச் சொல்லிக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனாலும் வயலை விடமாட்டேன் அம்மா.

வயலில் மிச்சம் எதுவும் நிற்காது என்று நீ போட்ட கணக்கு சரிதான். மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், அதுவும் வாய்ப்பேச்சுக் குத்தகை. பட்டா நம் பெயரில் இல்லாததால் வெள்ள நிவாரணம் நமக்கு வராது, மத்திய அரசு வருஷத்துக்குக் கொடுக்கிற 6,000 ரூபாயும் நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான். நாம் இருப்பதோ ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2024இல் மேட்டூர் அணையைத் தாமதமாக ஜூலை 28தான் திறந்தார்கள், நம் பக்கம் சம்பாவுக்கு முந்தின குறுவைப் பயிரே போடவில்லை. 2018இல் கஜா புயல் அடித்தபோது கூரை போய் நாம் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தது உனக்கே தெரியும்.

அறுத்த பிறகும் நிம்மதி கிடையாது. அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் ரோட்டோரம் கொட்டி, அம்மா காலாலேயே கோடு கோடாகக் கிண்டிவிட்டுக்கொண்டு நடப்பாள், மேகம் கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடுவோம். ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டு அவர்கள் நம்பரைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மூச்சே நின்றுவிடும். 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று விலை வைத்தார்கள், பார்ப்போம்.

உன் நர்சிங் படிப்புக்குக் கட்டிய பணமும் வயலில் வந்ததில்லை. அம்மா நடவுக்கும் களைக்கும் போன கூலி, நான் நாற்றுப் பறித்து வரப்பு வெட்டிய கூலி, அது போதாமல் அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன். வயல் போட்டது சோறு மட்டும்தான். அறுப்புக்கு மிஷின் வந்த பிறகு கூலி வேலையும் குறைந்துபோச்சு, அப்புறம் வயலும் இல்லையென்றால் ரேஷன் அரிசியை நம்பித்தான் உட்கார வேண்டும்.

ஆனால் நான் விடாததற்குக் காரணம் சோறு மட்டும் இல்லை. உன் தாத்தா பண்ணையாள். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் கூலி அரைப்படி கூடக் கேட்ட சனங்களில் 44 பேரை, பொம்பளைகள் பிள்ளைகள் என்று பாராமல், குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். தாத்தா அப்போது இளவட்டம். அதைப் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவார். நம் வீடு இருக்கிற மனைக்கட்டுகூட, குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று 1971இல் சட்டம் வந்த பிறகுதான் நமக்கென்று ஆனது. ஆயுசு பூராவும் ஊரார் வயலில் உழைத்தவர், தன் பொறுப்பில் ஒரு குழி நிலம் சாகுபடி செய்யாமலே போய்ச் சேர்ந்தார். என்ன ரகம் போடுவது, எந்த மடையைத் திறப்பது, எப்போது அறுப்பது என்று நம் குடும்பத்தில் முதன்முதலாக முடிவு செய்தவன் நான்தான். இந்தச் சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 நானே தேடி அலைந்து வாங்கி வந்த விதை, வெள்ளம் தாங்குகிற ரகம். கார்த்திகை மழையில் பயிர் முங்கிக் கிடந்தது, ஊரே கையை விரித்தது. தண்ணீர் வடிந்ததும் பச்சையாக எழுந்து நின்றதைப் பார்த்து உன் அம்மா வரப்பிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். இதை விட்டுவிட்டு வீட்டில் உட்காரச் சொன்னால் எனக்கு உட்காரத் தெரியாது பாப்பா.

பணம் அனுப்பாதே, உன் பெயரில் போட்டு வை. எனக்கு உன்னால் ஆக வேண்டியது வேறு. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் இருக்கிறது. நிலத்துக்காரர் நல்ல மனுஷர்தான், பதிவு என்றால்தான் பயப்படுகிறார். படித்த பிள்ளை நீ, பொங்கலுக்கு வரும்போது என்னோடு வந்து அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல். பதிவுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பயிர்க் காப்பீட்டுக்கு ஒரு கையெழுத்தாவது போடட்டும்.

அம்மாவுக்குச் சேற்றுப்புண் மறுபடியும் வந்துவிட்டது, மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறாள், சொன்னால் கேட்பதில்லை. போன தடவை கொண்டுவந்த களிம்பு ரெண்டு டியூப் வாங்கி வா. லீவு எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல், அதைப் பார்த்துத்தான் மிஷினுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா