படத்தில் இருப்பது பவளம் தின்னும் நத்தை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பமண்டலக் கடல்களில் பவளத்திட்டுகள் அழிந்துவருவது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை முழுமையாகப் படித்தேன். கடல்நீர் சூடேறுவதால் பவளங்கள் வெளிறிப்போவதைக் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கட்டுரையுடன் வந்த ஒரு படத்தையும், அதன் கீழே ‘பவளத்தைத் தின்று அழிக்கும் கடல் நத்தை’ என்று அச்சிடப்பட்டிருந்த ஒற்றை வரியையும் பற்றியே இக்கடிதம் எழுதுகிறேன்.

கறுத்த உடல், அதன்மேல் நீளவாக்கில் ஓடும் நீலச்சாம்பல் மேடுகள், அம்மேடுகளின்மேல் மஞ்சள் முனை கொண்ட பருக்கள், முன்புறத்தில் மஞ்சள் நிற உணர்கொம்புகள் இரண்டு. இவ்வளவும் தெளிவாகத் தெரியும் அப்படத்தில் இருப்பது பில்லிடியா வாரிகோசா. 1801-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் பெயரிட்டுவிட்ட, ஓடில்லாக் கடல் நத்தைகளில் மிகவும் அறியப்பட்ட இனம். இது கடற்பஞ்சுகளைத் தின்பது. பவளத்தைத் தின்பதில்லை. இரையைச் சுரண்டித் தின்ன உதவும், பல்வரிசை கொண்ட பல்நாக்கும் தாடையும் இக்குடும்பத்து நத்தைகளுக்கு அறவே கிடையாது. கடற்பஞ்சின் திசுவைக் கரைத்து உறிஞ்சியே இவை வாழ்கின்றன. படமெடுத்த நேரத்தில் அது ஒரு பவளத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் ஊர்ந்து கடக்கும் இடமெல்லாம் இரையாகிவிடாது.

கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பட்டப்பகலில் திறந்த வெளியில் திரியும் நத்தை, பெரும்பாலும் தன் உடலில் நச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு அதை மீன்களுக்கு அறிவித்துக்கொண்டே போகும் நத்தை. கல்பவளங்களைத் தின்று வாழும் நத்தைகளோ இதற்கு நேர்மாறானவை. அவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றில் முதன்மையானது பெஸ்டில்லா என்னும் பேரினம். அதன் முதுகில் வரிசை வரிசையாக விரல்போன்ற நீட்சிகள் உண்டு. இதே வகையைச் சேர்ந்த பிற நத்தைகள் பல, தாம் தின்ற உயிரியின் கொட்டும் செல்களை அந்நீட்சிகளின் நுனியில் சேமித்து ஆயுதமாக்கிக்கொள்கின்றன. பெஸ்டில்லாவில் அந்தச் சேமிப்புப் பைகளே இல்லை. ஆகவே ஒளிந்து வாழ்வதே அதற்குப் பெரும் பாதுகாப்பு. போரைட்டிஸ் பவளத்தைத் தின்னும் பெஸ்டில்லா லூகுப்ரிஸ் என்னும் இனத்தில் முதுகு நீட்சிகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, வெளிர்பழுப்பு நிறத்தில், தான் அமர்ந்திருக்கும் பவளத்தின் பரப்பைப்போலவே தோன்றும். அந்தப் பழுப்பு நிறமும் பவளத்தின் திசுவிலிருந்து குடலுக்குள் போன நுண்பாசிகளால் வருவதே.

இந்த நத்தையைத் தேடுபவர் நத்தையைத் தேடுவதைவிட அதன் தடயத்தைத் தேடுவது நல்லது. போரைட்டிஸ் பவளத்தின் அடிப்புறத்திலும் ஓரங்களிலும், உயிருள்ள திசு முடிந்து பவளத்தின் வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தொடங்கும் எல்லைக்கோட்டைக் கைவிளக்கு வெளிச்சத்தில் மெல்லப் பின்தொடர்ந்து பார்த்தால், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் முட்டைச் சுருள்தான். வெண்ணிறத்தில், சுருண்ட நாடாவைப்போல, புதிதாகத் தின்னப்பட்ட வெற்றுப் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அருகிலேயே, அந்த எல்லைக்கோட்டில் உடலைப் பதித்துக்கொண்டு நத்தை கிடக்கும். நீரைக் கையால் லேசாக விசிறினால் முதுகு நீட்சிகள் அசையும், பவளமாகச் சேர்ந்து வாழும் சிற்றுயிர்களான பாலிப்புகளோ உள்ளே சுருங்கிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

இந்தத் தடயத்தைக் கட்டுரையின் மையப் பொருளோடும் இணைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிறிய பவளமும் தின்னப்பட்ட பவளமும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே வெள்ளையாகத் தெரியும். வெளிறிய பவளத்தில் நுண்பாசிகள்தாம் நீங்கியிருக்கும். கண்ணாடிபோன்ற திசு எலும்பின்மேல் இன்னும் இருக்கும், பாலிப்புகள் உயிரோடிருக்கும், நீர் குளிர்ந்தால் மீளவும் கூடும். தின்னப்பட்ட இடத்தில் திசுவே இராது. முட்கிரீட நட்சத்திர மீனும் துருபெல்லா என்னும் ஓடுள்ள நத்தையும் இதேபோன்ற வெள்ளைத் தழும்பை விட்டுச்செல்வதால், தழும்பைக் கண்ட மாத்திரத்தில் ஓடில்லா நத்தையின்மேல் பழிபோடுவதும் சரியாகாது. முட்டைச் சுருளோ நத்தையோ கிடைக்கும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

நத்தை கிடைத்த பிறகும் எந்த இனம் என்ற கேள்வி எஞ்சுகிறது. இதில் நிறத்தை நம்பக் கூடாது. சூரியப் பவளங்களைத் தின்னும் பெஸ்டில்லா மெலனோபிராக்கியா, தின்ற பவளத்தின் நிறத்தையே தன் நிறமாக்கிக்கொள்கிறது. ஆரஞ்சு நிறச் சூரியப் பவளத்தில் ஆரஞ்சாகவும் கருநிறச் சூரியப் பவளத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவும் இருக்கும் இரண்டு நத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே இனமென்று எவரும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். மாறாக, நிறத்திலும் வடிவிலும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும் சில நத்தைகள் வெவ்வேறு இனங்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. வேறொரு பவளத்துக்குக் குடிமாறுவதே இப்பேரினத்தில் புதிய இனங்கள் பிரியக் காரணமாகிறது என்பதற்குச் சான்றளித்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் கோனியோபோரா பவளத்தைத் தின்னும் பெஸ்டில்லா கோனியோபாகா, பவோனா பவளத்தைத் தின்னும் பெஸ்டில்லா பியூஸ்கோஸ்ட்ரியாட்டா, தாய்லாந்து வளைகுடாவில் மற்றொரு பவோனாவின்மேல் கண்டறியப்பட்ட பெஸ்டில்லா வியேய், மோண்டிபோரா பவளத்தைத் தின்று அலங்காரத் தொட்டிகளைப் பாழாக்கும் பெஸ்டில்லா சபோடியோசா ஆகிய நான்கு இனங்கள் புதிதாக விவரிக்கப்பட்டன. நான்கிலும் நத்தையின் முதல் அடையாளம் அதன் பவளம். பல்நாக்கின் அமைப்பும் மரபணு வரிசையும் அதை உறுதிசெய்யும் அடுத்த படிகள்.

பவளம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதற்கு ஹவாயில் பல ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி விடை தருகிறது. போரைட்டிஸ் தின்னும் பெஸ்டில்லாவின் நீந்தும் இளவுயிரி, அப்பவளத்திலிருந்து நீரில் கசியும் வேதிப்பொருளை உணர்ந்த பிறகே கீழே இறங்கி நத்தையாக உருமாறுகிறது. அதாவது, இரையைத் தேர்ந்தெடுப்பது வாழ்க்கையின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. வழியில் அகப்பட்ட எந்தப் பவளத்தையும் மேயும் உயிரி அன்று இது.

இயல்பான பவளத்திட்டில் நண்டுகளும் மீன்களும் இந்நத்தைகளைத் தின்று அடக்கிவைக்கின்றன. அந்த எதிரிகள் இல்லாத தொட்டிகளில்தான் இவை பெருகிப் பேரிழப்பை உண்டாக்குகின்றன. அங்கே பவளத்தை மருந்துநீரில் முக்கியெடுத்தால் நத்தைகள் உதிர்ந்துவிடும். ஆனால் முட்டைச் சுருள்கள் தப்பிவிடுவதால், அவை பொரிந்த பிறகு மீண்டும் மீண்டும் முக்க வேண்டியிருக்கிறது. தொட்டிகளில் பவளம் வளர்ப்போர் தங்கள் இதழின் படத்தை நம்பிக் கறுப்பும் மஞ்சளுமான நத்தையைத் தேடினால், பவளத்தின் அடியில் உண்மையான நத்தை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். பவளத்துக்குத் தீங்கற்ற பில்லிடியாவைக் கண்ட இடத்தில் பிய்த்தெறியும் முக்குளிப்பவர்களும் உண்டு என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

எனவே அடுத்த இதழில் அப்படக்குறிப்பைத் திருத்தி, படத்தில் இருப்பது கடற்பஞ்சு தின்னும் பில்லிடியா வாரிகோசா என்று வெளியிடுமாறு வேண்டுகிறேன். இனிமேல் பவளம் தின்னும் நத்தை என்று யாரேனும் படம் அனுப்பினால், அது இருந்த பவளத்தின் நெருக்கமான படத்தையும், தின்னப்பட்ட இடத்தின் படத்தையும், முட்டைச் சுருள் இருந்தால் அதன் படத்தையும் சேர்த்துக் கேட்டுப் பெறுங்கள். இவை கிடைக்காதபோது இனப்பெயரை விட்டுவிட்டு ‘பெஸ்டில்லா பேரினம், போரைட்டிஸ்மேல் காணப்பட்டது’ என்று அச்சிட்டாலே படிப்பவர்க்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்