நீ மாற்றி வைத்த படம்

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

வாட்ஸ்அப்பில் படத்தை மாற்றியிருக்கிறாய். கறுப்பு கவுன், நீ மட்டும். இடுப்புத் தையல் சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்கு அன்று வேலையோ? குளிரில் தோளை மூடிக்கொள். மெலிந்திருக்கிறாய்.

பார்த்ததும் இங்கிலாந்து இளவரசி டயானா நினைவுதான் வந்தது. என் தையல் மெஷினுக்கு மேலே அவள் கல்யாணப் படம் ஒட்டியிருக்குமே, அந்தப் பஃப் கையைப் பார்த்துத்தான் உன் பிறந்தநாள் பிராக்கைத் தைத்தேன். 1981 ஜூலையில் கோச்சு வண்டியிலிருந்து அவள் இறங்கியபோது பின்னால் இழுபடும் 25 அடி வாலோடு பட்டு டஃபேட்டா கவுன் கசங்கிக் கிடந்தது. டஃபேட்டா அப்படித்தான், ஒருமுறை மடிந்தால் மறக்காது.

அதற்கு முந்தின வருடம், குழந்தைகள் பள்ளியில் வேலை பார்த்தவளை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். மெல்லிய பாவாடை, கால் தெரிந்துவிட்டது. நிச்சயத்தை அறிவித்த அன்று கழுத்துவரை மூடி நீலக் கோட்டு போட்டாள். இரண்டே வாரத்தில் தோள் தெரியக் கறுப்பு கவுன், ஊரெல்லாம் பேச்சு. பிறகு காலர், ரிப்பன், தொப்பி என்று அடக்க ஒடுக்கமாகப் பல வருடம். குளிரில் தோளை மூடு என்று சொன்னேன் அல்லவா?

1994 ஜூன் 29 அன்று அவள் புருஷன் சார்லஸ் வேறொருத்தியோடு பழகிய தன் தப்பை டிவியில் ஒப்புக்கொண்டார். அதே மாலை இவள் லண்டனில் ஒரு விருந்துக்குக் குட்டையான கறுப்பு உடையில் போய் இறங்கினாள். கொஞ்சம் மிஞ்சிப்போனது என்று நினைத்து மூன்று வருடம் அலமாரியில் வைத்திருந்த உடையாம். "இந்த ராத்திரியில் வீட்டில் அடங்கி இருக்கக்கூடாதா?" என்று நான்தான் சொன்னேன். நீயும் பக்கத்தில் இருந்தாய்.

1997 ஜனவரியில் அங்கோலாவில் கண்ணிவெடி நிலத்தில் சாதாரணச் சட்டைமேல் பாதுகாப்புக் கவசம் மாட்டி நடந்தாள். ஜூனில் 79 கவுன்களை நியூயார்க்கில் ஏலம் விட்டாள், மூத்த மகன் சொன்ன யோசனை. பிள்ளை அம்மாவுக்கு யோசனை சொல்கிறான், அவளும் கேட்கிறாள்.

போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி, "அம்மா, ஒன்று சொல்லவேண்டும்" என்றாய். நான் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் ஜோடியாக வராவிட்டால் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்று ஆரம்பித்தேன். "ஒன்றுமில்லை, இங்கே குளிர்" என்று வைத்துவிட்டாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பேச்சை மாற்றினேன்.

இரண்டு ரவிக்கை வெட்டி வைத்திருக்கிறேன், புது அளவு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குப் போய்விடுவார். பத்து மணிக்கு மேல் போன் செய். நான் தனியாகத்தான் இருப்பேன்.

அம்மா